அரை அங்குலக் குழல்

எங்கள் வாழ்க்கையில் நான்கு துப்பாக்கிகள் குறுக்கிட்டன. நான்கில் எது எவ்வளவு உதைக்கும் என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன். அவற்றைப் பிடித்துச் சுட்ட என் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். உதை வாங்கியதை ஒப்புக்கொள்ள ஆண்பிள்ளைக்கு வாய் வருமா? மறுநாள் காலையில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து அந்தத் தோளில் ஒத்தடம் கொடுத்தவள் நான். எந்தத் துப்பாக்கி எந்த இடத்தில் கன்ற வைக்கும், எத்தனை நாளில் கறுப்பு பச்சையாகி மஞ்சளாகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

சமஸ்தானம் இருந்தவரைக்கும் எங்கள் ஊரை ஒட்டிய காடு அரண்மனைக் காடு. ஒரு முயலை அடித்தாலும் கேள்வி வரும். 1948-ல் சமஸ்தானம் கலைந்தது, மறு வருஷம் எனக்குக் கல்யாணம். குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே செம்மண்ணும் பாறையுமான ஊர். இவருக்குக் காட்டோரமாக மூன்று ஏக்கர் மானாவாரி, கடலை போடுவோம். காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு தடவை இறங்கினால் ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும் நிலம். அப்படி ஒரு காலையில் வரப்பில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதிருக்கிறேன். செத்தவர்களுக்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

முதல் துப்பாக்கி மாமனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈயக் குண்டைப் போட்டு, இரும்புக் கம்பியால் இடித்து நிரப்ப வேண்டும். மருந்து கூடினால் உதை கூடும், குண்டு தூரம் போகும். மருந்து குறைந்தால் உதையும் இருக்காது, பன்றி குண்டைத் துடைத்துவிட்டுப் போகும். அதனால் எங்கள் ஊரில் ஒரு துப்பாக்கி நல்லதா என்று கேட்பவன், "நல்லா ஒதைக்குதா?" என்றுதான் கேட்பான். சுடும்போது முகத்தில் நெருப்புத் தெறிக்கும் என்பதால் எல்லோரும் கட்டையைத் தோளில் ஒட்ட வைக்காமல் தளரப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விசையை இழுப்பார்கள். இவரும் அப்படித்தான். பதினைந்து வயதிலிருந்து பழகிய கை.

இரண்டாவது, பட்டாளத்து அண்ணனுடைய இரட்டைக்குழல், குழல் அளவை வைத்துப் பன்னிரண்டு 'போர்' என்பார்கள். பர்மா சண்டைக்குப் போய் வந்தவர், எங்களுக்கு அடுத்த கொல்லைக்காரர். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் நான் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். அதனால் இவர் அவருக்கு மாப்பிள்ளை, அவர் இவருக்கு மச்சான். அதிகம் பேசாதவர். மற்றவர்கள் ஒரு பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார், அவ்வளவில் சொன்னவனுக்கே கூச்சமாகிவிடும். அந்தத் துப்பாக்கியை வைத்துத்தான் எங்கள் இரண்டு கொல்லையும் சில வருஷம் பிழைத்தது. சின்ன ஈய ரவை நிரப்பிய தோட்டா போட்டால் ஐம்பது அறுபது கெசத்தில் சக்தி தீர்ந்துவிடும், அங்கிட்டு ஆடு மேய்க்கிறவனுக்கு ஆபத்தில்லை. பெரிய பன்றிக்கு ஒற்றைக் குண்டுத் தோட்டா. அதுவும் கிட்டத்தில் வந்தால்தான்.

"இவ்வளவு கிட்டக்க வர விட்டு எவன் சுடுறது?" என்று சண்டை போட்டவள் நான்தான். பெரிய துப்பாக்கி ஒன்று வாங்குங்கள் என்று இவர் காதில் ஓதியவளும் நான்தான். இப்போது எழுதும்போது மறைப்பதில் என்ன இருக்கிறது?

புதுக்கோட்டை டவுனில் ஒரு பெரிய வீடு. சமஸ்தானம் போனதோடு அவர்கள் வரும்படியும் போய், ஒவ்வொன்றாகச் சாமான்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இவர் ஒரு துப்பாக்கியை, லைசென்ஸையும் மாற்றி வாங்கிக்கொண்டு, சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். பயிர் காக்கத்தான் லைசென்ஸ். ஆனால் துப்பாக்கியோ யானை சுட என்று எப்போதோ சீமையில் செய்தது. இரட்டைக் குழல், ஒவ்வொன்றின் வாயும் அரை அங்குலம். பதினோரு ராத்தலுக்கு மேல் கனம். கூடவே பத்துத் தோட்டா உள்ள அட்டைப்பெட்டி ஒன்று. ஒவ்வொரு தோட்டாவும் என் நடுவிரலைவிட நீளம். இதை அடிமாட்டு விலைக்குத் தருகிறார்கள், நமக்கு அதிர்ஷ்டம் என்றார். புதுக்கோட்டையில் யார் யானையைக் கோவிலைத் தவிர வேறு எங்கே பார்த்திருக்கிறார்கள்? அதனால்தான் யாரும் வாங்கவில்லை என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பட்டாளத்து அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு கீழே வைத்தார்.

"இது நம்ம காட்டுக்கு ஆகாது மாப்பிள்ளை. பன்னியத் தொளைச்சுக்கிட்டு ஒரு மைலுக்குப் போகும். அங்கிட்டு எவன் நிக்கிறானோ. தோட்டா தீந்துச்சுன்னா சீமையிலேருந்துதான் வரணும், இப்ப அதையும் விட மாட்டேங்கிறானுங்க."

"பேஞ்சா பெருமழையா பேயட்டுமே மச்சான்" என்று சிரித்தார் இவர்.

அண்ணன் அதோடு விடவில்லை. அறந்தாங்கியில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் அவருக்குப் பழக்கம், வேட்டைப் பிரியர். அவரிடம் இருந்தது முந்நூற்று எழுபத்தைந்து ரைபிள். குழல் வாய் இதைவிடச் சின்னது, பன்னிரண்டு போரைவிட எவ்வளவோ பலமானது. மூன்றையும் ஒரே இடத்தில் சுட்டுப் பார்ப்போம், அப்புறம் மாப்பிள்ளையே முடிவு செய்யட்டும், வேண்டுமென்றால் பாய் தன்னுடையது போல ஒன்றுக்கு ஏற்பாடு செய்து தருவார் என்று அவரை வரவழைத்தார். சித்திரை மாதம். கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. கரையில் மண் கலயங்களை வரிசையாக வைத்தார்கள். ஊரில் பாதி ஆள் வந்து நிழலில் உட்கார்ந்துவிட்டது. நானும் அண்ணன் பெண்சாதியும் கஞ்சி கொண்டு போனோம்.

முதலில் பன்னிரண்டு போர். அண்ணன் தோட்டாவை எப்படிப் போடுவது, எப்படி எடுப்பது என்று சின்னப்பிள்ளைக்குக் காட்டுவது போல எனக்குக் காட்டினார். ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் நடுவே பொட்டு அளவுக்குச் செம்பு வில்லை ஒன்று இருக்கும். விசையை இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி அதைக் குத்தும். சுட்ட தோட்டாவில் அந்த இடம் குழிந்திருக்கும். "மருந்து நமத்து வெடிக்காமப் போனாலும் குழி இருக்கும் தங்கச்சி. குழி இல்லேன்னா விசையவே இழுக்கலேன்னு அர்த்தம்" என்றார். ஏதோ கதை கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் யார் கிளப்பியதோ, "நீயும் ஒரு தரம் சுட்டுப் பாரு தங்கச்சி" என்றார் அண்ணன். நான் வெட்கப்படுகிற ஆள் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். "தோளோட நல்லா இறுக்கு. அதுக்கும் ஒனக்கும் நடுவுல காத்து போகப்படாது. முன்னால சாஞ்சுக்க." சுட்டேன். மாடு தலையால் முட்டித் தள்ளுமே, அந்த மாதிரி ஒரு தள்ளு. கலயம் உடைந்தது. நான் நின்ற இடத்தில் நின்றேன். ஊரே கை தட்டியது. அந்தக் கைதட்டல் என் தலைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

பாயுடைய ரைபிளை இவர் சுட்டார். பாய் பக்கத்தில் நின்று கட்டையைத் தோளில் அழுத்திப் பிடித்துக் கொடுத்தார். கலயம் தூளானது. பன்னிரண்டு போரைவிடக் கொஞ்சம் பலமான தள்ளல், அவ்வளவுதான். நல்ல துப்பாக்கி. தோளில் தூக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடக்கலாம், தோட்டாவும் எப்படியாவது மதராஸில் கிடைக்கும் என்றார் பாய். இவர் உதட்டைப் பிதுக்கினார். "இது ஒதைக்கவே இல்லீங்களே பாய்" என்றார். உதைக்காத துப்பாக்கி கொல்லாது என்று அவர் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. கருமருந்தைக் கம்பியால் இடித்து வளர்ந்த புத்தி, அதற்கு வேறு அளவுகோல் தெரியாது.

பெரிய துப்பாக்கியை எடுத்தார். இரண்டு குழலிலும் தோட்டா. அண்ணன் "இறுக்கிப் பிடிங்க மாப்பிள்ளை, ஒத்தக் குழல்ல மட்டும் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே கிட்டத்தில் போனார். அதற்குள் இவர் சட்டை போடாத வெறும் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, விசையை இழுத்துவிட்டார். உதைத்த வேகத்தில் விரல் வழுக்கி இரண்டாவது விசையிலும் விழுந்தது. இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தன. கண்மாய்க்குள் இடி இறங்கியது போல இருந்தது. கலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் மல்லாந்து கிடந்தார், வேட்டி அவிழ்ந்து, துப்பாக்கி அவருக்குப் பின்னால் எங்கேயோ கிடந்தது.

ஊர் முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "நான் நின்னேன், நீங்க விழுந்துட்டீங்களே!" என்று கத்தினேன், ஊர் கேட்க.

ஏழு ராத்தல் துப்பாக்கியில் ஒரு ரவைத் தோட்டாவைச் சுட்டவள், யானைத் துப்பாக்கியின் இரண்டு குழலையும் ஒன்றாக வாங்கியவரைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசினேன். அவர் எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. காறை எலும்பு முறிந்திருந்தது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

எலும்பு கட்டுகிற வைத்தியர் உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஆடி உழவுக்கு ஆள் வைத்தோம். எலும்பு கூடியது, கொஞ்சம் கோணலாக. அண்ணன் இரண்டு தடவை வந்து, அந்தத் துப்பாக்கியை ஒப்படைத்துவிடலாம், பாயிடம் சொல்லி வைக்கிறேன் என்றார். இவர் கேட்கவில்லை. ஒப்படைத்தால் பயந்துவிட்டார் என்று ஊர் சொல்லும். ஊர் என்றால் முதலில் நான்தானே.

கார்த்திகையில் ஒரு நாள் கொல்லைப்புறம் போனேன். இவர் தோட்டா போடாத துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார். இந்தத் தடவை கட்டை தோளோடு ஒட்டித்தான் இருந்தது. குறி வைத்தார். விரல் விசைக்குப் போனதும் கண் இரண்டும் இறுக மூடின, தோள் பின்னால் இழுத்துக்கொண்டது, உடம்பே குலுங்கியது. விசையை இழுக்கவில்லை. மறுபடியும் வைத்தார். மறுபடியும் அதே. வெறும் துப்பாக்கிக்கே அப்படி. நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து அடுப்பு ஊதினேன். இதை அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். புருஷனின் மானத்தை வெளியில் போய்க் கொட்டுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். வாயை மூட வேண்டிய சித்திரையில் திறந்தேன், திறக்க வேண்டிய கார்த்திகையில் மூடினேன். என் புத்தி அப்படி.

மார்கழியில் கடலை வெட்டு. முதல் நாள் சாயங்காலம் கொல்லையில் இறங்கிய தனிப் பன்றி ஒன்றை அண்ணன் ஒற்றைக் குண்டால் அடித்திருந்தார். விழவில்லை, ரத்தத்தோடு காரை முள்ளுப் புதருக்குள் போய்விட்டது. அடிபட்ட பன்றியை அப்படியே விட்டால் மறுநாள் விறகு பொறுக்கப் போகிற பெண்ணைக் கிழிக்கும். காலையில் தேடிப் போனார்கள். நானும் மதினியும், அதாவது அண்ணன் பெண்சாதியும், கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தோம். போகிற போக்கில் அண்ணன் இவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "நீங்க எனக்குப் பின்னால பத்தடில வாங்க. அது என் மேல பாஞ்சா மட்டும் சுடுங்க. பாயிறத நிறுத்த ஒங்க துப்பாக்கிதான் சரி."

அந்தத் துப்பாக்கிக்கு எங்கள் சீமையில் இருந்த ஒரே ஒரு வேலை அது. அந்த வேலையும் ஒரே ஒரு தடவைதான் வந்தது.

நாய் குரைத்ததும் நிமிர்ந்து பார்த்தேன். பன்றி புதரை விட்டு நேராக அண்ணன் மேல் வந்தது. அவர் இரண்டு குழலையும் போட்டார். அது நிற்கவில்லை. பத்தடி பின்னால் இவர் நின்றார். துப்பாக்கி தோளில், குறி சரியாகத்தான் இருந்தது. நான் "சுடுங்க!" என்று கத்தினேன். வெடிச் சத்தம் வரவில்லை. அண்ணனின் தொடையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பன்றி போய்விட்டது, நாய்கள் பின்னால் ஓடின. நான் ஓடிப் போனபோது இவர் அதே இடத்தில் நின்றார், கண் இன்னும் மூடியிருந்தது.

"தோட்டா நமத்துப் போச்சு" என்றார். யாரும் அவரிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

கட்டிலில் போட்டு அண்ணனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ரோட்டுக்கு ஓடினார்கள். இவருடைய துப்பாக்கி வரப்பில் கிடந்தது. எடுத்தேன். அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி நெம்புகோலைத் தள்ளிக் குழலை மடக்கினேன். விசை தவறி இழுபடாமல் இருக்கப் போடுகிற பூட்டும் நீக்கித்தான் இருந்தது. இரண்டு தோட்டாவையும் உருவி அடியைப் பார்த்தேன். செம்பு வில்லை இரண்டும் புதுசாக, வழவழவென்று இருந்தன. ஊசி பட்ட தடமே இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன். பிடுங்கிய கடலைச் செடி அந்த வெயிலில் அப்படியே கிடந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் மதினியிடம் அண்ணன் சொல்லி அனுப்பினார், மாப்பிள்ளை துப்பாக்கியில் இருந்த தோட்டாவைத் தங்கச்சி எடுத்து வரட்டும் என்று. அதற்குள் மதினி ஊர் முழுக்கப் பேசியிருந்தாள். என் புருஷன் மாரக் காட்டிக்கிட்டு நின்னாரு, அந்தாளு பொம்மை மாதிரி நின்னாரு என்று. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. உண்மையைச் சொன்னவள் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனால் தோட்டாவைப் பார்த்தால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். அவர் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். இவர் அப்புறம் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, நாண்டுகொள்ளவும் கூடும் என்று எனக்குப் பயம். ஒரு ஆணியையும் கல்லையும் எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பொட்டைக் குத்தலாமா என்றுகூட உட்கார்ந்திருந்தேன். வெடித்தால் என் கை போகும். கைக்குப் பயந்து விட்டுவிட்டேன். கிணற்றில் போட்டுவிட்டுத் தொலைந்தது என்று சொல்லலாம். ஆனால் படுத்துக் கிடக்கிறவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு முகமில்லை. எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இவர் வரவில்லை.

அண்ணன் கட்டிலைச் சுற்றி மதினியும் அவள் கூடப்பிறந்தவர்களும் நின்றார்கள். தொடை வீங்கி, ஒரு மாதிரி வாடை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டினார். அடியில் கட்டை விரலை வைத்து மெதுவாகத் தடவினார். ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒரு குருடன் காசைத் தடவுவது போல. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மதினியைப் பார்த்தார்.

"நமத்த தோட்டாதான்" என்றார். "ஊசி குத்தியிருக்கு, மருந்து புடிக்கல. மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல. இனிமே எவளும் வாயத் தொறக்கப்படாது."

என் கையில் திருப்பிக் கொடுத்து, "கெணத்துல போட்டுரு தங்கச்சி" என்றார். வாழ்நாளில் அவர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். இருபது நாள் கிடந்து, ரத்தம் கெட்டு, தைப் பொங்கல் கழிந்த வாரம் செத்துப்போனார்.

இவர் சாவுப் பந்தல் போட்டார், தோள் கோணலோடு பாடையும் தூக்கினார். பதினாறு முடிந்ததும் துப்பாக்கியைத் தாலுகா ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு பன்றி இறங்கினால் தகரத்தைத் தட்டினோம், போனது போக மிச்சத்தை வெட்டினோம். மதினி வீட்டுக் கொல்லையையும் இவரே உழுது கொடுத்தார், பத்து வருஷம், கேட்காமலே. அவள் இவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் இவர் வேறு பக்கம் பார்ப்பார்.

அந்த நாளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. அறுபதுகளில் ஒரு மார்கழி. பனி விழுந்தால் அந்தக் காறை எலும்பு அவரைக் கொல்லும். முற்றத்து வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நான் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான் அந்தத் தோட்டாவக் கையில வாங்கிப் பாத்தாரா?" என்றார்.

கை நின்றுவிட்டது எனக்கு. "பாத்தாருங்க."

"அடியப் பாத்தாரா?"

"வெரலால தடவிப் பாத்தாரு."

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றார். பிறகு, "ஒனக்கும் தெரியும்."

அழுகை வந்தது. இத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்குக் கம்மாக்குள்ள நான் சிரிச்சிருக்கப்படாதுங்க. நான் சொன்ன சொல்லுதான் ஒங்கள இப்படி ஆக்கிருச்சு. அண்ணனக் கொன்னது நான்தான்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உப்பு முடிச்சு ஆறிப்போய் என் கையில் இருந்தது.

"அன்னைக்கு என்ன சொன்ன நீ? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். "ரெண்டு கொழலும் வெடிச்சதுல காது அடைச்சுப் போச்சு. மூணு நாளைக்கு ஒரு சத்தமும் கேக்கல."

நான் முடிச்சை மறுபடி சூடு பண்ண உள்ளே எடுத்துப் போனேன். வாணலியில் போட்டுப் புரட்டிக்கொண்டே நின்றேன். கண்மாயில் விழுந்த அன்று சாயங்காலமே எலும்பு கட்ட வந்த வைத்தியர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொன்னார், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.